‘ஏழாம் தளம்’ பாட்டின் மூன்றாவது சரணம்

மேற்கு பெர்லின்
9 மார்ச் 1987

அன்பு டெட்லெஃப்,

மூன்று முறை போன் பூத் வரைக்கும் போய் மூன்று முறையும் திரும்பி வந்துவிட்டேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ரெக்கார்டில் நீ வாசிக்கப் போவதில்லை.

திட்டுவதை முடித்துவிட்டாயா? இனிக் கேள். ஸ்டுடியோவில் நமக்குக் கொடுத்திருப்பது பதினொரு நாள். சுரங்கத்தில் உனக்குக் கிடைத்த லீவு நாலு நாள். மீதி ஏழு நாளுக்கு டிரம்ஸுக்கு நான் எங்கே போவேன்? ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் டார்ட்முண்டிலிருந்து ஹார்ட்முட் என்று ஒருவனைக் கூட்டி வந்துவிட்டார்கள். வேகத்தில் உன்னைவிட ஒரு பிடி அதிகம். மற்றபடி உன் கால்தூசிக்கு வரமாட்டான். ஆனால் த்ராஷ் மெட்டல் ரெக்கார்டில் கம்பெனிக்கு வேகம்தானே வேண்டியிருக்கிறது. நீயும் நானும் சேர்ந்து ஆரம்பித்த குழு இது. சுரங்கத்துக்குக் காற்று இறக்குகிற குழியின் பெயரை, வெட்டர்ஷாக்ட் என்று, நீதான் வைத்தாய். நான் எதையும் மறக்கவில்லை.

ஒரு சின்ன உதவி. ‘ஏழாம் தளம்’ பாட்டில் முதல் இரண்டு சரணமும் என்னிடம் இருக்கிறது. மூன்றாவதை ஒத்திகையில் எப்போதும் நீதான் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்து கத்துவாய். டிரம்ஸ் சத்தத்தில் ஒரு வார்த்தையும் எனக்குச் சரியாகக் கேட்டதில்லை, எழுத்திலும் என்னிடம் இல்லை. எழுதி அனுப்பு. ரெக்கார்டுக்கும் அந்தப் பெயரைத்தான் வைக்கப் போகிறோம்.

தபால்தலை மேல் வழக்கம்போல் சோப்புப் பூசியிருக்கிறேன். முத்திரையைக் கழுவிவிட்டுப் பதிலுக்கு அதையே ஒட்டிக்கொள்.

க்ளுக் அவுஃப்!
யோஹென்


போட்ராப்
13 மார்ச் 1987

யோஹென்,

தபால்தலையைக் கழுவியாயிற்று. உன்னைக் கழுவ எந்தச் சோப்பும் போதாது.

என்னைத் துரத்துகிற கடிதத்திலேயே என்னிடம் சரணம் கேட்கிறாயே, அந்த நெஞ்சழுத்தத்தைப் பாராட்டத்தான் வேண்டும். கடைசியில் ‘க்ளுக் அவுஃப்’ வேறு. அது கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. நீ இதுவரை இறங்கியிருப்பது உன் அப்பாவின் மருந்துக்கடை நிலவறைக்கு மட்டும்தான், அதுவும் இருமல் மருந்துப் பெட்டி எடுக்க. என்னிடம் அந்த வார்த்தையை எழுதாதே.

அந்தப் பாட்டு உனக்கு ஒரு பாட்டு. எங்கள் வீட்டில் அது வேறு. எழுபத்தொன்பதில் சுரங்கத்தின் ஏழாம் தளத்தில் வெடிவாயு தீப்பற்றி ஒன்பது பேர் போனார்கள். என் அப்பா அதில் ஒருவர். அதன்பிறகு விசாரணை, விசாரணை என்று ஒரு வருஷம் அம்மாவை அலைக்கழித்தார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு நான் உட்கார்ந்து எழுதியது அது. நீ எங்கள் சமையலறையில் உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டே அதற்குக் கிட்டார் போட்டாய். உனக்குத் தெரியாததில்லை.

சரணம் வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை. ரெக்கார்டு உறையில் அச்சாக வேண்டும்: சொற்கள், டெட்லெஃப் பியோன்டெக். அதன் கீழே, ஏவால்ட் பியோன்டெக்கின் நினைவாக. வாசிக்கிறவன் பெயர் எவனுடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த இரண்டு வரி இல்லாமல் சரணம் இல்லை.

டெட்லெஃப்


மேற்கு பெர்லின்
17 மார்ச் 1987

அன்பு டெட்லெஃப்,

உன் வாயில் விழுந்து எழுந்தால்தான் எனக்கும் பொழுது விடிந்த மாதிரி இருக்கிறது.

பெயர் போடுகிறேன். நினைவு வரியும் போடுகிறேன். என் அம்மா மேல் ஆணை. உறை வரைகிறவனிடம் இன்றே சொல்லிவிட்டேன். நன்றிப் பட்டியலிலும் முதல் பெயர் உன்னுடையதுதான். பட்டியல் இப்போதே அறுபதைத் தாண்டிவிட்டது, மதுக்கடைக்காரரின் நாய் உள்பட.

எனக்கு வேண்டியது இந்த ஒன்றுதான். 26ஆம் தேதி வியாழக்கிழமை பாடிப் பதிகிறோம். அதற்குள் சரணம் கைக்கு வரவேண்டும். என்னைக் கைவிட்டுவிடாதே.

யோஹென்


போட்ராப்
21 மார்ச் 1987

அன்பு யோஹென்,

நீ ஆணையிட்ட பிறகு நான் வேறென்ன சொல்ல. மன்னித்துக்கொள், போன கடிதத்தில் கொஞ்சம் சூடாகிவிட்டேன்.

ஒரு ரசிகர் பத்திரிகையில் உன் பேட்டி வந்திருக்கிறதே. எங்கள் ஷிஃப்ட்டில் ஒருவன் கொண்டுவந்து காட்டினான். சுரங்கத் தலைக்கவசம் போட்ட படம் ஜோர். ஒரு பொட்டுக் கரி படாமல் பளபளவென்று இருக்கிறது. பேச்சும் நன்றாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

இந்தா சரணம்:

கூண்டு இறங்கிய ஆழத்தில்
விளக்கு செத்துப் போனதடா
தீக்குச்சி ஒன்றைக் கிழித்தேன் நான்
என் அப்பன் முகத்தைத் தேடித்தான்.

கடைசி இரண்டு வரியைத் திருப்பிப் பாடு. ஹார்ட்முட்டை அந்த இடத்தில் மட்டும் டிரம்ஸை நிறுத்தச் சொல். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்க வேண்டும்.

டெட்லெஃப்


மேற்கு பெர்லின்
21 செப்டம்பர் 1987

டெட்லெஃப், டெட்லெஃப்,

ரெக்கார்டு வந்துவிட்டது! ஹாலந்திலிருந்து ஒரு பத்திரிகை பத்துக்குப் பத்து கொடுத்திருக்கிறது. போலந்திலிருந்து ஒருவன் கேசட்டில் பதிந்து அனுப்பச் சொல்லி, தேய்ந்துபோன கேசட்டையும் கூடவே அனுப்பியிருக்கிறான். உன் மூன்றாவது சரணத்தில் டிரம்ஸ் நிற்கிற இடம் இருக்கிறதே, ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுக்காரர் கையில் இருந்த சிகரெட் கீழே விழுந்துவிட்டது. அவ்வளவு பெரிய யோசனை அது. உன்னைவிட்டால் யாருக்கு வரும்?

இப்போது சங்கடமான விஷயம். உறையில் உன் பெயர் வரவில்லை. எல்லாப் பாட்டுக்கும் ‘சொற்களும் இசையும் யோ. மார்ஸாலெக்’ என்று என் பெயரையே போட்டுவிட்டார்கள். நான் கத்தினேன். அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள். நன்றிப் பட்டியலிலும் எப்படியோ விட்டுப்போயிருக்கிறது. அடுத்த பதிப்பில் கண்டிப்பாகச் சேர்க்கிறேன். இந்த முறை சத்தியம் எதுவும் செய்யவில்லை, நம்பு.

அக்டோபர் 17, சனிக்கிழமை, போட்ராப்பில் கச்சேரி. நம் ஊர் கூடம், நம் ஆட்கள்! வாசலில் உன் பெயரைச் சொல், உள்ளே விடுவார்கள். முன்னால் வந்து நில்.

யோஹென்


மேற்கு பெர்லின்
19 அக்டோபர் 1987

பியோன்டெக்,

முன்னால் வந்து நில் என்றேன். நின்றாய். பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

முதல் இரண்டு சரணம் வரைக்கும் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் டிரம்ஸ் நின்றது. ‘தீக்குச்சி ஒன்றைக் கிழித்தேன் நான்’ என்றேன். முதல் தீப்பெட்டி என் நெற்றியில் வந்து விழுந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை. நூறு, இருநூறு. கூடமே ஒரே குரலில் “தீப்பெட்டி! தீப்பெட்டி!” என்று கத்துகிறது. உன் பக்கத்தில் நின்ற அந்தக் கிழவர், பெரிய தொப்பை, மூக்குப்பொடிக் கறை மீசை, அவர் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ன கத்தினார் தெரியுமா? “டேய் மருந்துக்கட! ஒங்கொப்பன யாரும் கொல்லல, நீதான்டா கொளுத்திப்புட்ட!” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கூடப் புரியவில்லை. ஹார்ட்முட்தான் லாரியில் வைத்துச் சொன்னான். அவன் மாமா சுரங்கத்தில் இருந்தவராம்.

அது கூடப் பரவாயில்லை. என் அப்பா வந்திருந்தார். நான் பாடுவதைப் பார்க்க முதல்முறையாக, கடை மூடிவிட்டு, டை கட்டிக்கொண்டு. யாரோ அந்தப் பேட்டியை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் வந்தார். தாளை நீட்டினார். ஒரே ஒரு கேள்வி: “நான் எப்படா செத்தேன்?”

கொடுத்தது நீ. எழுது, நீயில்லை என்று.

யோ. மார்ஸாலெக்


போட்ராப்
24 அக்டோபர் 1987

மருந்துக்கடை மகனுக்கு,

நான்தான்.

பேட்டியைக் கொண்டுபோய் உன் அப்பாவின் கல்லாவில் வைத்தது நான். சரணத்தையும் பேட்டியையும் உடை மாற்றும் கூடத்தில் மூன்று ஷிஃப்ட்டுக்கும் உரக்கப் படித்துக் காட்டியது நான். “மார்ஸாலெக் எழுதுனதாம், கேளுங்கப்பா” என்றேன். தீப்பெட்டி எடுத்து வரச் சொன்னது மட்டும் நானில்லை. அது கூப்கா. நீ சொன்ன தொப்பைக் கிழவர்தான். அப்பாவோடு பதினெட்டு வருஷம் ஒரே முகப்பில் கரி வெட்டியவர். அப்பாவை மேலே தூக்கி வந்ததும் அவர்தான்.

உனக்கு இன்னும் புரியாமல் இருந்தால் சொல்கிறேன். கூண்டில் ஏறுவதற்கு முன்னால் எங்கள் பையைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு குச்சி இருந்தாலும் அன்றைக்கே வேலை போய்விடும், அதோடு கூட வேலை செய்கிறவர்கள் எலும்பை எண்ணிவிடுவார்கள். ஆயிரம் பேர் புகைக்கு ஏங்கிக்கொண்டு மூக்குப்பொடியும் மெல்லுகிற புகையிலையுமாக ஆயுளை ஓட்டுவது எதற்காக என்று நினைக்கிறாய்? வெடிவாயு நிற்கிற ஏழாம் தளத்தில் தீக்குச்சி கிழிக்கிறவன் அப்பன் முகத்தைப் பார்க்க மாட்டான். அப்பனைக் கொளுத்துவான். ஆறு வயசுப் பிள்ளைக்கும் இந்த ஊரில் தெரியும். சுரங்கக்காரன் மகன் என்று படம் காட்டுகிற உனக்குத் தெரியவில்லை.

அந்தப் பேட்டியில் என்ன சொன்னாய்? “என் அப்பா ஏழாம் தளத்தில் இறந்தார். அவருக்காக எழுதினேன்.” டிரம்ஸைப் பிடுங்கிக்கொண்டாய், பொறுத்தேன். பெயரைத் தர மாட்டாய் என்று உன் ஆணையைப் படித்தபோதே தெரியும், அதையும் பொறுத்திருப்பேன். என் அப்பாவை எடுத்துக்கொண்டாய், யோஹென். எடுத்துக்கொண்டவன் தீக்குச்சியையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று, பழைய சரணத்தை என்னிடமே வைத்துக்கொண்டு இதைப் புதிதாக எழுதிக் கொடுத்தேன்.

நல்ல தெளிவாகத்தான் பாடினாய். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

டெட்லெஃப்


மேற்கு பெர்லின்
18 ஜனவரி 1988

திரு. டெட்லெஃப் பியோன்டெக் அவர்களுக்கு,

மூன்று மாதம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நீ செய்த உதவிக்கு நன்றி சொல்லாமல் விடுவது முறையல்ல.

போட்ராப்பில் நடந்தது காற்றுவாக்கில் எல்லா ஊருக்கும் போய்விட்டது. எசனில் தீப்பெட்டி பறந்தது. கெல்சன்கிர்ஷனிலும் பறந்தது. பிறகு நானே மேடையில் ஒரு தீப்பெட்டியை எடுத்துக் காட்ட ஆரம்பித்தேன். இப்போது அந்தச் சரணத்துக்காகவே வருகிறார்கள். முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது. ஒருவன் அதைக் கையில் தீக்குச்சியாகப் பச்சை குத்திக்கொண்டிருக்கிறான். ஒன்றும் தெரியாத பிரேசில்காரனிலிருந்து எல்லாம் தெரிந்த போட்ராப்காரன் வரை எல்லோருக்கும் பிடித்த இடம் அதுதான்.

என் அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்குப் போனேன். கடைக் கதவில் நின்று, “செத்தவன் வீட்டுல என்ன வேல ஒனக்கு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா கதவிடுக்கில் ஒரு பொட்டலம் கேக் நீட்டினாள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே ரயிலில் வரும்போதுதான் எனக்கு உன் நிபந்தனை ஞாபகம் வந்தது.

நீ கேட்டது கேட்டபடி நடந்திருக்கிறது. இரண்டாம் பதிப்பு போன வாரம் வெளிவந்தது. உறையின் பின்பக்கம், பெரிய எழுத்தில், பாட்டு முழுக்க அச்சாகியிருக்கிறது. அதன் கீழே: ‘சொற்கள், டெட்லெஃப் பியோன்டெக், சுரங்கத் தொழிலாளி, போட்ராப். ஏவால்ட் பியோன்டெக்கின் நினைவாக.’ நீ கேட்டதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை; உன் தொழிலையும் ஊரையும் மட்டும் சேர்த்தேன். உன் கையெழுத்தில் நீ அனுப்பிய அந்தச் சரணத்தையும் அப்படியே படமாக எடுத்துப் போட்டிருக்கிறோம், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது பார்.

கச்சேரிகளிலும் சொல்கிறேன். தீப்பெட்டியை உயர்த்தி, “இத எழுதுனது யாரு?” என்று கேட்கிறேன். கூடமே “பியோன்டெக்!” என்று கத்துகிறது.

உனக்கு ஒன்று, உன் அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு பிரதி தனியே அனுப்பியிருக்கிறேன். இந்த முறை தபால்தலையில் சோப்புப் பூசவில்லை. பதில் எதிர்பார்க்கவில்லை.

யோஹென் மார்ஸாலெக்


போட்ராப்
6 மார்ச் 1988

யோஹென்,

பதில் எதிர்பார்க்காதவனுக்கு எழுதுகிறேன். நன்றாகச் செய்தாய். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் இவ்வளவு சுத்தமாகச் செய்திருப்பேனா தெரியாது. படிக்கும்போது நீ சிரிக்க வேண்டிய இடங்களையெல்லாம் விடாமல் எழுதுகிறேன். சிரித்துக்கொள்.

எங்கள் உடை மாற்றும் கூடத்தில் ஒவ்வொருவன் துணியையும் கொக்கியில் மாட்டி, சங்கிலியில் கூரைக்கு ஏற்றி வைத்திருப்போம். பிப்ரவரி முதல் வாரம் ஷிஃப்ட் முடிந்து வந்து என் சங்கிலியை இறக்கினேன். சட்டையோடு ஒரு தீப்பெட்டி தொங்கியது. யாரென்று கேட்டேன். நாற்பது பேர் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் திரும்பவில்லை. கூப்கா மட்டும் வந்தார். அவர் கையில் உறை இருந்தது. அவர் மகன் வாங்கியதாம்.

“இது ஒன் கையெழுத்தா?” என்றார்.

“ஆமா.”

“மருந்துக்கடக்காரன் எழுதுனதுன்னு எங்கிட்ட படிச்சுக் காட்டுன.”

“அவனுக்காகத்தான் எழுதுனேன். அவன மாட்டிவிட.”

“நானும் சிரிச்சேன்டா,” என்றார். “ஏவால்ட தூக்கிட்டு வந்த கையால தீப்பெட்டி வீசிப்புட்டு சிரிச்சேன்.” அதன்பிறகு இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை. கூண்டில் ஒரே பலகையில் நின்று இறங்குகிறோம். அவர் எனக்கு க்ளுக் அவுஃப் சொல்வதில்லை.

அதையும் தாங்கிக்கொள்வேன். அம்மாவின் பிரதி வந்தபோது நான் ஷிஃப்ட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவள் உறையைப் படித்திருக்கிறாள். நான் வந்தபோது சமையலறை மேசையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா பெயர் அச்சில் வந்ததற்குச் சந்தோஷப்படுகிறாள் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம் நினைத்தேன்.

விசாரணையை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். கம்பி உரசித் தீப்பொறி வந்தது என்று நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவர்களில் எவனோ புகைக்கத்தான் குச்சி கிழித்திருக்கிறான் என்று நிரூபிக்கப் பார்த்தார்கள். ஒன்பது பேரின் கருகிய துணியையும் அவரவர் மனைவி எதிரில் உதறிப் பார்த்தார்கள். ஒரு வருஷம் அம்மா அந்த அலுவலகப் படியில் ஏறி இறங்கினாள். கடைசியில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதி மூடினார்கள். அவளுக்கு அதுவே வெற்றி. அந்தத் தாளை இன்னமும் கல்யாணப் போட்டோவோடு வைத்திருக்கிறாள்.

இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரணம் எழுத உட்கார்ந்தபோது எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. அந்தப் பேட்டியும் தலைக்கவசம் போட்ட உன் முகமும்தான் கண் முன்னால் நின்றது. ஐந்து நிமிஷத்தில் எழுதி முடித்தேன். எழுதிவிட்டு நானே ரசித்தேன். அச்சுக்கு அனுப்பியபோது உனக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்க வந்தேன். இப்போது கேட்கவில்லை. நீ என்ன பதில் சொன்னாலும் எனக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதே. ரயிலேறி வந்து உன் பல்லை உடைக்க வேண்டும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, ஸ்டேஷன் வரை போயிருக்கிறேன். உன்னை அடித்தால் ஊர் என்ன கேட்கும்? ஏன் அடித்தாய் என்று கேட்கும். உறையில் என் பெயரைப் போட்டான், அதற்காக அடித்தேன் என்பேனா?

அம்மா என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னாள். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக நாலு வரியையும் படித்தாள். அப்புறம் சொன்னாள்:

“ஒம்பது பேரு பையையும் தடவிப் பாத்தாங்கடா. ஒரு குச்சி கெடைக்கல. இப்ப நீ கொண்டுபோயி வெச்சுட்ட.”

டெட்லெஃப்